மாலை போட்ட சிலிண்டர்

என் கழுத்து எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் திரும்பியே இருக்கும். கல்யாண வீட்டு போட்டோக்களில் எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்க, நான் மட்டும் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் நிற்பேன். வலி தாங்காமல் ஒருமுறை மருத்துவரிடம் போனேன்.

“கம்ப்யூட்டர் வேலையா?” என்றார்.

“இல்லீங்க, கேரியர் வேலை” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சைக்கிளில் பின்னால் எதையாவது கட்டிக்கொண்டு போகிறவன் நான். நூறு அடிக்கு ஒருமுறை அது இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காவிட்டால் எனக்கு மூச்சு சீராக வராது. இருபது வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் என்று விளக்கினேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பொட்டலத்தையும் கேரியரில் கட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

எனக்கு வேலை திருத்தணி மலையடிவாரத்தில், சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு பிரேம் அடிக்கிற கடையில். வீடு, பொதட்டூர்பேட்டை போகிற சாலையில் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில். காலையில் வெறும் சைக்கிளோடு கிளம்பிய நாள் என்று ஒன்று எனக்கு நினைவில் இல்லை. போகும்போது யார் வீட்டுக்கோ போட்டுத் தர வேண்டிய படம், வரும்போது யார் வீட்டுக்கோ போட்டு முடித்த படம். இடையில் அரிசி மூட்டை, தண்ணீர் கேன், மாவு அரைத்த வாளி, கொசுவலை, ஒருமுறை உயிரோடு இரண்டு கோழிகள். ஊரில் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். எனக்கு ஓட்டத் தெரியாதா என்று கேட்பவர்களிடம், ஓட்டத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது உண்மை என்பது யாருக்கும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளில் முக்கால்வாசியும் இப்படி நகைச்சுவைக் கணக்கில் சேர்ந்துபோனவை.

ஒவ்வொரு பாரத்துக்கும் ஒவ்வொரு விதமான பயம். முட்டை அட்டை என்றால் வேகத்தடையில் இறங்கி, நோயாளியை நடத்திக்கொண்டு போவதுபோல் சைக்கிளை நடத்திப் போவேன். மாவு வாளி என்றால் மூடி திறந்து முதுகில் வழிவதுபோலவே இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால் அது வெறும் வியர்வை. ஒருநாள் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு போனேன். பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். முழி பிதுங்கிய ஒருவன் என் முதுகை ஒட்டியபடியே வந்துகொண்டிருந்தான். மிதித்தேன். அவனும் விடவில்லை. சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டரையே முந்திவிட்டேன். வீட்டு வாசலில் இறங்கி, அவனை ஒரு கை பார்த்துவிடலாம் என்று திரும்பியபோதுதான் அவனும் என்னைப்போலவே பனியன் தெரியக் கிழிந்த சட்டை போட்டிருப்பதைக் கவனித்தேன்.

இதெல்லாம் சில்லறைப் பயங்கள். முழுப் பயம் போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று வந்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியைச் சுற்றி இருக்கிற எல்லாச் சாலைகளும் மலையைப் பார்த்து நடக்கும். பள்ளிப்பட்டு பக்கமிருந்தும், ஆர்.கே.பேட்டை பக்கமிருந்தும், எல்லை தாண்டி ஆந்திராவிலிருந்தும் காவடி தூக்கியவர்கள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வந்தபடியே இருப்பார்கள். எங்கள் வீட்டு வழியாகப் போகிறவர்களுக்கு என் மனைவி வருஷா வருஷம் புளிசாதம் போடுவாள். அது எனக்காக வேண்டிக்கொண்டது. ஒருமுறை எனக்கு நெஞ்சு அடைத்து, கை கால் சில்லிட்டு, வேலூருக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை, இவருக்குப் பயம், அவ்வளவுதான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஆனால் வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதானே. என் பயத்துக்காக வருஷத்துக்கு நூறு பேர் சாப்பிடுகிறார்கள்.

அன்று கடையில் விடியற்காலையிலிருந்தே கூட்டம். முதலாளி எல்லோருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் வேட்டி கொடுத்து, நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார். எட்டரை மணி இருக்கும், மனைவி போன் செய்தாள்.

“எங்க கீறீங்க?”

“கடையிலதான் கீறேன். இன்னா ஆச்சி?”

“கேஸ் பூட்ச்சி.”

“எங்க போச்சி?”

“பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறிப் போச்சி. தீந்துபூட்ச்சின்னு சொல்றேன். அரிசி பாதி வெந்துகினு நிக்கிது.”

“வெறகு?”

“நேத்து மழையில நனைஞ்சி கெடக்குது. பக்கத்தூட்ல கேட்டேன், அவங்க அடுப்புலயும் சோறு வேவுது. ரோடு அடைச்சிட்டாங்களாம், வண்டி வராதாம். குடோன்ல பேசிட்டேன். காலி சிலிண்டர நாளைக்குக் குடுத்தா போதும்னாங்க. ஓடிபி வரும், காட்டிட்டு எடுத்துக்கினு வந்துடுங்க. பன்னண்டு மணிக்கெல்லாம் ஜனங்க வந்துடுவாங்க.”

“சைக்கிள்லயா?”

“இல்ல, தலைமேல.” கொஞ்சம் நிறுத்தி, “வரும்போது சாமந்தி மாலை ஒண்ணு வாங்கிக்கினு வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதலாளியிடம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கினேன். எரிவாயுக் குடோன் ஊரின் மறு கோடியில் இருக்கிறது. அங்கே சிலிண்டர் இறக்குகிற ஆள் என்னைத் தெரிந்தவர். முழு சிலிண்டர் ஒன்றை உருட்டி வந்து நிறுத்தி, மேலே இருந்த மூடியை எடுத்து, வாய்க்குள் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார்.

“பாத்துக்க. முட்டை வருதா?”

குனிந்து பார்த்தேன். தண்ணீர் ஒரு குமிழிகூட விடாமல் நின்றது. “வரல.”

“அப்ப கம்முனு எடுத்துக்கினு போ.” மூடியைப் பொருத்தி அழுத்தினார். அதைச் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டியிருக்கும் நூல் அறுந்திருந்தது. அதைச் சொன்னேன். “நூலா வெடிக்கப் போவுது?” என்றார்.

“அப்ப வேற எது வெடிக்கும்?”

“ஒன் மூஞ்சப் பாத்தா சிலிண்டருக்கே பயம் வந்துடும். தள்ளிக்கினு போ.”

கேரியரில் நிமிர்த்தி வைத்து, பழைய டியூபை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். ஏறி ஓட்டுகிற எண்ணமே இல்லை. ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சிலிண்டரின் தோளில், தள்ளிக்கொண்டு கிளம்பினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரும்பு சூடாவது உள்ளங்கையில் தெரிந்தது. இதை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். ஆபத்தை முன்கூட்டி யோசிப்பதில் எனக்கு நிகர் கிடையாது. முதலாளி கொடுத்து, நான் இன்னும் கட்டாமல் வைத்திருந்த மஞ்சள் வேட்டியைத் தெருக்குழாயில் நனைத்து, சிலிண்டரின் கழுத்து முதல் அடிவரை சுற்றினேன். பூக்கடையில் சாமந்தி மாலை வாங்கினேன். ஹேண்டில்பாரில் ஏற்கெனவே ஒரு பக்கம் பந்திக்காகக் காலையிலேயே வாங்கி வைத்த வாழை இலைக் கட்டு, இன்னொரு பக்கம் அப்பளப் பை. இடமில்லாததால் மாலையையும் சிலிண்டருக்கே போட்டேன். கொஞ்ச தூரத்தில் கூட்டத்தில் யாரோ மிதித்து என் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி, மஞ்சள் துணி சுற்றி மாலை போட்ட ஒரு பாரம். நான் எப்படி இருந்தேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. அன்று நான் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம், உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்பதைத்தான்.

பொதட்டூர்பேட்டை சாலை பிரியும் இடத்தில் தடுப்பு வைத்து, ஒரு காவலர் நின்றுகொண்டிருந்தார். தினமும் என்னைப் பார்ப்பவர். கேரியரைக் காட்டி “உள்ள இன்னா?” என்று கேட்பார், நானும் தினம் ஒரு பொய் சொல்வேன். “முதலாளி மாமியார் சார், எட்டா மடிச்சி வச்சிருக்கேன்” என்பேன். அன்று காவடிக் கூட்டம் ஒன்று கடப்பதற்காக எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தார். புளியமரத்து நிழலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டேன். சும்மா நிற்கிற நேரம் எனக்கு ஆகாது. ஓடும்போது கால் பயப்படும். நிற்கும்போது மூளை பயப்படும்.

மேடு பள்ளத்தில் வந்தோமே, மூடி சரியாக இருக்கிறதா என்று தோன்றியது. துணியை விலக்கிப் பார்த்தேன். இருந்தது. இருந்தால் போதுமா, உள்ளே சரியாக இருக்கிறதா? மூடியை எடுத்தேன். தண்ணீர் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டேன். முட்டை வரவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் நான் நானாக இருக்கமாட்டேன். முட்டை வராததற்குக் காரணம் ஒழுக்கு இல்லாததா, அல்லது உள்ளே காற்றே இல்லாத காலி சிலிண்டரா என்று ஒரு சந்தேகம். வாய்க்கு நடுவில் ஒரு சிறிய ஊசிமுனை தெரியும். சைக்கிள் சாவியால் அதை லேசாக அழுத்தினேன்.

புஸ் என்றது. தண்ணீர் என் மூக்கில் தெறித்தது. சாவியை எடுத்தேன்.

சத்தம் நிற்கவில்லை. பெரிய சத்தம் இல்லை. தூங்கும் குழந்தை மூச்சு விடுகிற அளவுதான். ஊசி உள்ளே போனது போனதுதான், முழுதாக மேலே வரவில்லை. அழுகின முட்டைக்கோஸ் போன்ற அந்த வாசனை வந்தது. அந்த வாசனையை நான் இருபது வருஷமாகக் கனவில் முகர்ந்திருக்கிறேன். நேரில் அன்றுதான் முதல் தடவை.

அதே நொடியில் காவலர் விசில் அடித்தார். “நவுரு, நவுரு. எல்லாம் போ.” பின்னாலிருந்த, மலையிறங்கி ஊர் திரும்பும் கூட்டம் தள்ளியது. துணியை இழுத்துவிட்டு, ஸ்டாண்டை எடுத்து, தள்ளத் தொடங்கிவிட்டேன். பத்தடி போன பிறகுதான் மூடி கையில் இல்லை என்று உறைத்தது. துணியைத் தடவினேன், கேரியரைத் தடவினேன். இல்லை. புளியமரத்தடியில் விழுந்திருக்கும். அங்கே இப்போது ஐந்நூறு கால்கள்.

தடுப்பைக் கடக்கும்போது காவலரின் காதருகே சொன்னேன். “சார், சிலிண்டர் லீக் ஆவுது சார்.”

“நேத்து மாமியார், இன்னிக்கி சிலிண்டரா?”

“சத்தியமா சார். மூடி பூட்ச்சி.”

“ஒனக்கு நல்ல நாள்லயும் இதே வேலையாய்யா?” என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி முன்னே தள்ளிவிட்டார். மாலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பிப் போக முடியாது. பின்னால் கூட்டம் சுவர்போல வந்தது. முன்னால் இருநூறு கஜம் இரண்டு பக்கமும் வீடுகள். அதைத் தாண்டினால் வயல்வெளி. அங்கே போய்ச் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு ஆந்திரா வரைக்கும் ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்கு அந்த இருநூறு கஜத்தைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம்: மலைக்குப் போகிறவரோ, மலையிறங்கித் திரும்புகிறவரோ, காவடி எடுத்து வருகிறவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, காவடிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தட்டு. தட்டுக்கு ஒரு நெருப்பு. நான் எண்ணத் தொடங்கி பதினான்கில் நிறுத்திவிட்டேன்.

முதல் வீட்டிலேயே ஓர் அம்மாள் குறுக்கே வந்து என் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

“இது காவடி இல்லம்மா” என்றேன்.

“காவடி தூக்கறவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. அடக்கம்” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். அவள் தீக்குச்சியை உரசினாள். குச்சி நமத்துப்போயிருந்தது, பற்றவில்லை. இரண்டாவது குச்சி எடுப்பதற்குள் நான் நாலு வீடு தாண்டிவிட்டேன்.

“கொஞ்சம் தள்ளும்மா, தள்ளும்மா” என்று கத்திக்கொண்டே போனேன். “அவசரக் காவடிபோல” என்று ஒரு குரல். “உள்ள பால் குடமா?” என்று இன்னொரு குரல். எனக்கு நேராக எரிகிற தட்டு ஒன்று வந்தது. சைக்கிளை வெட்டி வளைத்தேன். வாழை இலைக் கட்டு அந்தத் தட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வந்து நின்றது. இலை கருகுகிற வாசனையோடு கடந்தேன். ஓட வேண்டும்போல் இருந்தது, ஓடவும் பயமாக இருந்தது. விட்டுவிட்டு ஓடலாம் என்று மூன்று தடவை நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று தடவையும் என்னைத் தடுத்தது வீரம் இல்லை. கையை எடுத்தால் சைக்கிள் சாய்ந்து, சிலிண்டர் விழுந்து, அதனாலேயே வெடிக்கும் என்ற இன்னொரு பயம்தான் முதல் பயத்தைப் பிடித்து நிறுத்தியது.

பாதித் தெருவில் பம்பை அடிக்கிறவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர், என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று அடித்தார்கள். எனக்கு ஏற்கெனவே முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. பம்பைச் சத்தத்தில் தோளும் ஆடத் தொடங்கியது. பல் கிட்டித்துக்கொண்டது. கண் எங்கேயோ செருகியிருக்க வேண்டும்.

“சாமி வந்துடுச்சி” என்றாள் ஒருத்தி.

சுற்றி நின்றவர்கள் கை கூப்பினார்கள். பம்பை இன்னும் வேகமெடுத்தது. இதுவரைக்கும் என் பயத்தை யாரும் இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை.

“சாமி, இன்னா வேணும் சொல்லு” என்று கேட்டாள், எதிர் வீட்டு வாசலில் தட்டோடு நின்றிருந்த அம்மாள். பெரிய குங்குமப் பொட்டு, குரலில் அந்தத் தெருவுக்கே மாமியார்போல் ஓர் அதிகாரம்.

“நெருப்பு வேணாம்” என்றேன். பல் கிட்டித்திருந்ததால் அது கர்ஜனைபோல் வந்தது. “நெருப்ப அணைங்க.”

“கோவமா கீறாரு” என்றாள் அவள். “ஏதோ கொறை வச்சிட்டோம்.” உள்ளே திரும்பி, “அந்தப் பெரிய கட்டியெல்லாம் கொண்டா” என்றாள். யாரோ ஒரு பொட்டலத்தையே தட்டில் கவிழ்த்தார்கள். குப்பென்று ஒரு முழ உயரத்துக்கு எரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தாள். என்னைப் பார்த்து இல்லை. மாலையைப் பார்த்து.

பின்னால் தூங்கும் குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பம்பைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது. எனக்கு அது ஒன்றுதான் கேட்டது. தட்டு மூன்றடியில் இருந்தது. சுற்றிலும் எத்தனை பேர், இடுப்பில் குழந்தையோடு எத்தனை பேர் என்று ஒரு கணம் பார்த்தேன். பார்த்தது தப்பு.

குனிந்து, மூச்சை இழுத்து, அந்தக் கற்பூரத்தை வாயால் ஊதினேன். ஒருமுறையில் அணையவில்லை. மூன்று முறை ஊதினேன். மூன்றாவதில் அணைந்தது. எச்சில்கூடத் தெறித்திருக்கும்.

பம்பை நின்றது. சாமிக்கு ஏற்றிய கற்பூரத்தை வாயால் ஊதுகிறவனை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர்களும் பார்த்ததில்லை. ஆடிக் கிருத்திகை அன்று, மலை தெரிகிற தெருவில், ஒருவன் ஊதி அணைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். ஒரு ஆள் என் சட்டைக் காலரைப் பிடித்தான். “குடிச்சிருக்கியாடா?” என்று கேட்டான். தட்டு வைத்திருந்த அம்மாளின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதைப் பார்த்தேன். என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“கேஸ்” என்றேன். “சிலிண்டர். உள்ள சிலிண்டர்.” யாரும் நம்பவில்லை. “சாமி மலையேறிடுச்சி, இப்ப கதை உடறான்” என்றான் காலரைப் பிடித்தவன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஆந்திராவிலிருந்து நடந்து வந்த ஒரு குழுவுக்குச் சமையல்காரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். கை முழங்கை வரை எண்ணெய் பட்ட பழைய தழும்புகள். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினாள். நேராகப் போய் மஞ்சள் துணியை ஒரே இழுப்பில் விலக்கினாள். சிலிண்டரின் கழுத்து வெயிலில் மின்னியது.

“ஆர்ப்பண்டி” என்றாள் சுற்றிப் பார்த்து. “எல்லா தீபமும் அணைங்க. பீடி அணைங்க. தூரம் போங்க.”

சாமி சொல்லிக் கேட்காதவர்கள் அவள் சொன்னதும் கேட்டார்கள். தட்டுகள் வீட்டுக்குள் மறைந்தன. என் காலரைப் பிடித்திருந்தவன் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். நிமிஷத்தில் நடுத்தெருவில் நானும் அவளும் சிலிண்டரும்.

“மூத ஏதி நைனா?” என்றாள். நான் விழித்தேன். “மூடி, மூடி.”

“பூட்ச்சிம்மா. புளியமரத்தாண்ட விழுந்துடுச்சி.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். இரண்டு விரல் விட்டு, விபூதிப் பொட்டலத்துக்கும் கடைச் சீட்டுக்கும் நடுவிலிருந்து அந்த மூடியை எடுத்தாள். விசில் சத்தத்தில் நான் அதைப் பைக்குள் போட்டிருக்கிறேன். இருநூறு கஜத்தில் பாதி, என் நெஞ்சின்மேல் அது துள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. அதைத்தான் நான் நெஞ்சடைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, வால்வுக்குள் ஒரு குத்துக் குத்தி உடனே எடுத்தாள். புஸ் என்று ஒரு பெருமூச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. மூடியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். டக் என்றது.

“யாரு தொறந்தது?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“எதுக்கு?”

“சரியா மூடியிருக்குதான்னு பாக்க.”

அவள் சிரிக்கவில்லை. “பயப்படொத்து நைனா” என்றாள். “பயந்தா கை சும்மா இருக்காது.” ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு தன் குழுவைத் தேடிப் போய்விட்டாள். பேர்கூடக் கேட்கவில்லை.

துணியை மறுபடி சுற்றினேன். மாலையை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கால் மணி நேரம் பொறுத்து, வாசனை போன பிறகு, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குங்குமப் பொட்டு வைத்த அம்மாள் தூரத்தில் நின்றபடியே கேட்டாள்.

“வாய்ல சொல்லக் கூடாதா?”

“சொன்னேம்மா. நீதான் சாமின்னு நெனச்சிக்கினே.”

“ஆங். சாமி வந்த ஆளு மூஞ்சி அப்பிடியா இருக்கும், எனக்குந்தான் தெரியல.” வாசற்படியைக் காட்டினாள். “காரணம் எதுவா இருந்தாலும் ஊதனது ஊதனதுதான். மனசு ஆறல எனக்கு. அடுத்த வருஷம் இதே நாள் வந்து, இதே வாசல்ல, நீயே ஒன் கையால ஏத்திட்டுப் போவணும்.”

“வரேம்மா.”

“சிலிண்டர் இல்லாம வா.”

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். மனைவி சிலிண்டரைக் கட்டி அணைத்து இறக்கினாள். “மாலை ஏன் கசங்கியிருக்கு? இலை ஏன் கருகியிருக்கு? செருப்பு எங்க?” என்று மூன்று கேள்வி கேட்டாள். “அடுப்ப ஏத்து, அப்புறம் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, தெருவில் இரண்டு மின்கம்பம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். சைக்கிளைக் கிளம்பத் தயாராகத் திருப்பி வைத்திருந்தேன். காவடிக்காரர்கள் ஏற்கெனவே எங்கள் வாசலில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்த அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்தாள். ரெகுலேட்டரைத் திருப்பியிருப்பாள். லைட்டரை அழுத்தியிருப்பாள். எனக்கு அன்று முழுவதும் வந்த பயமெல்லாம் சேர்ந்து அந்த ஒரு நொடிக்குள் வந்து உட்கார்ந்தது. இருபது வருஷமாகக் கேரியரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவன், அன்றுதான் முதல்முறையாக ஒன்றைக் கண் இமைக்காமல் நேராகப் பார்த்தேன்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள்.

“எரியுது. வந்து எலை போடுங்க.”

“நல்லா எரியுதா?”

“நீலமா எரியுது. வாங்க.”

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் கடையிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன். கேரியரில் ஒரு கற்பூரப் பொட்டலம், உள்ளங்கை அளவுதான் இருக்கும். டியூபை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தேன். தடுப்பில் அதே காவலர். “உள்ள இன்னா?” என்றார். “கற்பூரம் சார்” என்றேன். நம்பவில்லை. அவிழ்த்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். மறுபடி கட்டிக்கொண்டு அந்த வாசலுக்குப் போவதற்குள் பதினோரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அம்மாள் தட்டை நீட்டினாள். தீப்பெட்டியை வாங்கினேன். குச்சியை உரசுவதற்கு முன் கேரியரை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். வெறும் கேரியர்தான். ஆனாலும் சைக்கிளைப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு வந்து ஏற்றினேன்.